அம்பத்தூர் ஸ்டெல்லாவின் சம்பந்தி

கடல் தாண்டிப் போகிறவர்கள் ஊர் பார்ப்பார்கள், புடவை வாங்குவார்கள். நான் சம்பந்தி பார்க்கப் போனேன்.

என் மகன் அந்தோணிக்குச் சிங்கப்பூரில் வேலை. அதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த செலின் என்ற அம்பத்தூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் தொலைபேசியில் சொன்னான். நம் வேதக்காரப் பெண், தமிழ்ப் பெண், சாப்பாட்டில் குறை சொல்லாத பெண் என்று அவனே எல்லாத் தகுதிகளையும் அடுக்கிவிட்டதால் எனக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. அவளுடைய அம்மா வயலின் வாசிப்பார் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தான். கோவிலில் வாசிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மலேசியாவில், கிள்ளானில், எங்கள் கோவிலிலும் ஒருவர் வாசிக்கிறார். அவர் வில்லைத் தூக்கினால் பின் வரிசைக்காரர்கள் புகைபிடிக்க வெளியே போய்விடுவார்கள்.

சனிக்கிழமை ஒப்பந்தம், அதாவது நிச்சயதார்த்தம், என்று முடிவாயிற்று. என் கணவருக்கு மூட்டுவலி, விமானப் படியைப் பார்த்தாலே வலி கூடிவிடும். மகன் சனிக்கிழமை காலைதான் வருவான், செலின் முன்பே ஊருக்குப் போய்விட்டாள். ஆக, புதன்கிழமை சென்னையில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பல வருடம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்றவளுக்கு வாயும் தைரியமும் குறைவில்லை என்பதால் சமாளித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்துக்குச் செலினின் அப்பா சேவியர் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. ஒல்லியான மனிதர், பேச்சு மட்டும் பருமன். "இன்னா சம்பந்தியம்மா, பிளேன்ல சோறு கீறு போட்டானா?" என்பதுதான் என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. பூந்தமல்லி வழியாகச் சுற்றி வந்தோம். தலைக்கு மேல் மெட்ரோ தூண்கள், தலைக்குள் ஆரன் சத்தம். எங்கள் ஊரில் ஆரன் அடித்தால் சண்டை என்று பொருள். இங்கே அது மூச்சு விடுவது மாதிரி எல்லாரும் சும்மா அடிக்கிறார்கள்.

பெண் வீட்டில் ஒப்பந்தத்துக்கு முன்னால் தங்கக் கூடாது என்று எனக்கு என் அம்மா வழியில் வந்த ஒரு பிடிவாதம். முகப்பேரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துக்கொண்டேன். சேவியருக்கு அதில் வருத்தம். வருத்தத்தை ஒரு தூக்குவாளி வடகறியாகக் கொடுத்தனுப்பினார். இட்லிக்கு வடகறி என்பதை நான் அன்றுதான் கண்டுகொண்டேன். கிள்ளானில் இதை யாராவது விற்றால் நான் என் கடையை மூடியிருப்பேன். டீயில்தான் ஏமாற்றம். எங்கள் ஊரில் தே தாரிக் என்றால் ஒரு குவளை, குடித்து முடிக்க ஒரு குடும்பக் கதை பேசிவிடலாம். இங்கே கண்ணாடிக் கிளாஸைத் தொட்டு நிமிர்வதற்குள் தீர்ந்துபோகிறது.

வியாழக்கிழமை காலை, தனியாகப் போய்ப் பூந்தமல்லியில் பூவும் சாமான்களும் வாங்கி வருகிறேன் என்று வீரம் பேசினேன். வாங்கினேன். திரும்பும்போது தெரியாமல் எதிர்ப்பக்கம் போகிற பேருந்தில் ஏறி, சன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது கட்டடங்கள் எல்லாம் காணாமல் போய், வெட்டவெளியும் லாரிகளுமாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் முகப்பேர் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகப்பேர் பின்னால் எங்கோ இருக்கிறது, இது குத்தம்பாக்கம், புது பஸ் ஸ்டாண்டு இங்கேதான் வருகிறது என்று பெருமையாகச் சொன்னார். பேருந்து நிலையத்தைப் பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டார் போலும். நானும் மரியாதைக்கு எட்டிப் பார்த்துவைத்தேன்.

நான் போன் போட, சேவியர்தான் ஸ்கூட்டரில் வந்து மீட்டார். மாப்பிள்ளையின் அம்மா, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் பெரிய ஹெல்மெட்டோடு பெண்ணின் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த காட்சியைக் கிள்ளானில் யாரும் பார்க்கவில்லை என்பது ஆண்டவர் செய்த உதவி. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பயத்தில் அவர் தோளில் தட்டினேன். உடனே ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பழக்கம் சம்பந்தியம்மா. ஸ்டெல்லா பின்னால குந்திகினு என் தோள்லதான் தாளம் போடும். புதுசா எதுனா தோணுச்சுன்னா ஓங்கித் தட்டும். நான் நிறுத்திடுவேன். அது போன்ல பாடி வெச்சிக்கும். அப்புறம்தான் வண்டி போவும். எவ்ளோ வர்ணம் இந்தத் தோள்ல பொறந்து கீது தெரியுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் பார்க்க வந்தவர் கோவிலில் சும்மா வாசிக்கிற ஆள் இல்லை என்று. மீதி வழியெல்லாம் சேவியர் மனைவியின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் காற்றிலும் ஹெல்மெட்டிலும் தப்பியதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டெல்லா பிறந்தது ஆவடியில். அப்பா தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் வயலின். மகளுக்கு நின்றுகொண்டு, தாடையில் வைத்து, மேற்கத்திய முறையில் சொல்லிக்கொடுத்தார். பதினான்கு வயதில் ஸ்டெல்லா எங்கோ ஒரு கச்சேரி கேட்டுவிட்டு, கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். புதிய வாத்தியாரோ, முதலில் தரையில் உட்கார், நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வயலினைச் சாய்த்துப் பிடி, அதுவரை கற்றதை எல்லாம் மற என்றார். ஸ்டெல்லா ஒன்றையும் மறக்கவில்லை. ஞாயிறு காலை கோவிலில் நின்று வாசிப்பார், மற்ற நாள் பாயில் உட்கார்ந்து வாசிப்பார். இன்றைக்கும் அப்படித்தான்.

பிறகு பாடகர்களுக்குப் பக்கவாத்தியம். பக்கத்தில் பெண் உட்கார்ந்து வாசிப்பதை விரும்பாத பாடகர்கள் சிலர் இருந்தார்கள். கடைசி நேரத்தில் வேறு ஆள் கிடைக்காதபோது அவர்களும் கூப்பிட்டார்கள். நடுவில் சினிமா ஒலிப்பதிவுகளில் வரிசையாக உட்காரும் வயலின்காரர்களில் ஒருவர். முகப்பேர் அடுக்குமாடிகளில் ஐடிக்காரர்களின் பிள்ளைகளுக்கு வகுப்பு. இத்தனைக்கும் இடையில் வர்ணம், தில்லானா, கோவில் பாட்டு என்று சொந்தமாக இயற்றிக்கொண்டே இருந்தார். அவற்றைப் பல பேர் பாடுகிறார்கள். யார் இயற்றியது என்று சொல்லத்தான் சிலருக்கு மறந்துபோகிறது.

சேவியர் வீட்டு வரவேற்பறையில் அழைப்பிதழ் ஒன்று இருந்தது. கச்சேரி அழைப்பிதழ்களில் பெயருக்கு முன்னால் காவிரிக்கரை ஊர்களாகத்தான் இருக்கும். இதில் "அம்பத்தூர் ஸ்டெல்லா" என்று அச்சடித்திருந்தார்கள். தொழிற்பேட்டைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை ஒரு கச்சேரி மேடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் சம்பந்தமே முடியவில்லை, அதற்குள் மார்பு விரிந்துவிட்டது.

அழைப்பிதழ் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கானது. முகப்பேரில் ஒரு சபா. வயலின் தனிக் கச்சேரி, முழுக்க முழுக்க ஸ்டெல்லா இயற்றியவை மட்டும். அவருடைய வாழ்க்கையில் பாடகர் இல்லாத முதல் கச்சேரி. ஒப்பந்தத்துக்கு மறுநாள் என்பதால் சம்பந்தியம்மாவுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று ஸ்டெல்லா கவலைப்பட்டாராம். மெலிந்த உருவம், மெல்லிய குரல். பேசும்போது எதிராளி முடிக்கும்வரை காத்திருப்பார், முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருப்பார். என்னைப் போன்ற ஆளுக்கு அது மிகவும் வசதி.

அன்று மாலை வீட்டிலேயே ஒத்திகை. மிருதங்கக்காரர் வந்தார், செலின் தம்புராவுடன் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா தன் பாயை விரித்து, வயலினை எடுத்து, சுருதி சேர்த்தார். நான் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று பட்டது. சிற்றுண்டிச்சாலையில் நடு மேசையை யாராவது தூக்கிக்கொண்டு போனால் எனக்கு உடனே தெரியும். இங்கேயும் நடு இடம் காலியாக இருந்தது. மிருதங்கம் ஒரு பக்கம், வயலின் எதிர்ப் பக்கம், நடுவில் வெறும் பாய். ஸ்டெல்லா பக்கவாத்தியக்காரரின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வெறும் பாயைப் பார்த்துத் தலையைத் திருப்பி, யாரோ ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார்.

யாரும் ஆரம்பிக்கவில்லை. மிருதங்கக்காரர் இருமினார். செலின் மெதுவாக, "அம்மா, நீதான்" என்றாள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே நடுவுக்கு நகர்ந்தார். ஆனால் நகர்ந்த பிறகும் கை ஒரு நொடி பின்தங்கியே வந்தது. ஒவ்வொரு வரியையும் வேறு யாராவது முதலில் பாடிவிட மாட்டார்களா என்பது போல. பாட்டு அழகாக இருந்தது. வாசிப்பவர்தான் அதற்குள் வரத் தயங்கிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் மற்றவர் குரலுக்குப் பின்னால் போன கை, எனக்கே புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது வீடு ஒரு மாதிரி இருந்தது. சபா செயலாளர் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பெயர் பெற்ற ஒரு பாடகருக்கு ஞாயிறு மாலை வேறு கச்சேரி ரத்தாகிவிட்டதாம். அவர் இங்கே பாடச் சம்மதித்திருக்கிறார். அரங்கம் நிரம்பிவிடும். ஸ்டெல்லா வழக்கம் போல பக்கத்தில் வாசித்தால் போதும். கடைசியில் ஸ்டெல்லாவின் தில்லானா ஒன்றையும் அவர் பாடுவார். சரியா என்று கேட்டிருக்கிறார்.

ஸ்டெல்லா யோசிக்கவே இல்லையாம். ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டார். செலின் கோபத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேவியர் வேலைக்குப் போகாமல் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே. ஸ்டெல்லா மட்டும் நிம்மதியாக இருந்தார். இரண்டு நாளாகக் கொறித்துக்கொண்டிருந்தவர் அன்று இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நல்லதுதானே சம்பந்தி" என்றார் என்னிடம். "அவர் பாடினா ஜனங்க வருவாங்க. நான் தனியா உக்காந்தா யாருக்குத் தெரியும்? பின்னால போறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதை நல்லா செய்யறேன்."

நல்லாத்தான் செய்கிறார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு என்ன உரிமை இருக்கிறது, இன்னும் ஒப்பந்தமே ஆகவில்லையே என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அன்று மாலை மாங்காட்டுப் பக்கம் போய் என் கோபத்தை ஒரு தட்டு பஜ்ஜியிடம் காட்டினேன். பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது. கோபம் போகவில்லை.

சனிக்கிழமை மகன் வந்து சேர்ந்தான். மாலையில் பங்குச் சாமியார், கோவில் பெரியவர்கள் சிலர், இரண்டு பக்கத்து வீட்டார். செபம் முடிந்து, பிள்ளைகள் மோதிரம் மாற்றி, கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கும் ஞாயிறுகளும் குறித்தாயிற்று. பிறகு வழக்கப்படி பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பு ஏதாவது இருந்தால் சபையில் சொல்லிவிடலாம், பின்னால் மனக்குறை வரக் கூடாது என்றார்.

எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று கிள்ளானிலேயே முடிவு செய்து, விமானத்தில் வரும்போது அதை அழகாகச் சொல்லப் பழகியும் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். எதிரே ஸ்டெல்லா கையில் தட்டோடு நின்றார். எங்கே எதையாவது கேட்டுவிடுவேனோ என்ற பெண்ணைப் பெற்றவளின் பயம் அந்த முகத்தில் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஒரு மாலை, இந்த ஒரு நாற்காலியில் இருக்கும்வரை, நான் கேட்டால் இந்த வீட்டில் யாரும் மறுக்க முடியாது.

"ஒன்னே ஒன்னு கேக்கணும்" என்றேன்.

அந்தோணி என் முழங்கையைப் பிடித்தான். சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு மேடையில சம்பந்தியம்மா நடுவுல உக்காரணும். பாட்டுக்கு யாரும் வேணாம். அவங்க போட்டதை அவங்களே வாசிக்கணும். எங்க வீட்டுக்கு இதுதான் சீர். வேற ஒன்னும் வேணாம்."

சேவியர் எழுந்தார். "மாப்ள ஊட்டுக்காரங்க சபைல வெச்சிக் கேட்டாச்சு. குடுத்துதான் ஆவணும் ஸ்டெல்லா" என்றார், முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கமாக வைத்துக்கொண்டு.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது. அந்தப் பாடகருக்கு வேண்டியவர்கள் நிறையப் பேர். அவரை வேண்டாம் என்றால் அவரும் இனிக் கூப்பிட மாட்டார், மற்றவர்களும் யோசிப்பார்கள். "பக்கத்து இடமும் போயிடுச்சுன்னா நான் எங்க உக்காருவேன் சம்பந்தி?" என்று கேட்டார். நான் சமையல்காரி. வியாழக்கிழமை கேட்ட பாட்டை வேறு யாராவது பாடி, இவர் பின்னாலேயே போவதைக் கேட்க எனக்கு மனசு வராது என்று மட்டும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது. அவருக்கும்.

செயலாளருக்குச் சொல்லி அனுப்பாமல் ஸ்டெல்லா நேராகப் பாடகருக்கே பேசினார். நாங்கள் எல்லாரும் சுவர் ஓரமாக நின்றோம். அந்தப் பக்கம் நிறையப் பேச்சு இருந்தது. இந்தப் பக்கம், "இல்லீங்க சார், நாளைக்கு நானே வாசிக்கிறேன்" என்பது மட்டும் இரண்டு தடவை. போனை வைத்துவிட்டு, கோபமாகத்தான் இருக்கிறார் என்றார். பிறகு விருந்தினருக்குப் பரிமாறப் போய்விட்டார். மட்டன் பிரியாணி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஆனால் அன்று யாருக்கும் ருசி தெரிந்திருக்காது.

ஞாயிறு காலை திருப்பலியில் ஸ்டெல்லா நின்றபடி வாசித்தார். தாடையில் வயலின், கண் மூடி, பாடகர் குழுவுக்குக் கொஞ்சம் பின்னால். கிள்ளான்காரரை நினைத்துக்கொண்டேன், பாவம் அவர். பூசை முடிந்ததும் அந்தோணி என்னிடம், அம்மா, ஊருக்கெல்லாம் வரதட்சணை கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளாதே என்றான். எல்லாரிடமும் சொல்வேன் என்றேன்.

மாலை முகப்பேர் போகும் வழியில் ஆட்டோ ஒரு சிக்னலில் நின்றுபோய், ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டி, ஊதி, திட்டி உயிர் கொடுத்தார். போய்ச் சேர்ந்தபோது அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. பாடகர் வரவில்லை என்ற செய்தி பரவிச் சிலர் வாசலோடு திரும்பியிருக்கிறார்கள். செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் காதில் வைரத்தோடு ஓர் அம்மாள், கச்சேரி கேட்டுப் பழகியவர் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. திரை விலகுவதற்கு முன் என்னிடம் குனிந்து, பாட்டு யாரு என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் திரை விலகிவிட்டது. ஸ்டெல்லா நடுவில் இருந்தார். அரக்குப் பட்டு, கணுக்காலில் சாய்ந்த வயலின், ஒரு பக்கம் மிருதங்கம், பின்னால் செலின். சுருதி சேர்த்தார். தலை மெதுவாக ஓரம் திரும்பியது, காத்திருக்கிற அந்தப் பழைய திருப்பம். பக்கவாட்டில் சேவியர் கண்ணை மூடிக்கொண்டார். நான்தானே கேட்டேன், என்னால்தானே இந்த அம்மாள் இருந்த இடத்தையும் விட்டுவிட்டு வந்து இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஸ்டெல்லா காலி நாற்காலிகளைப் பார்த்தார். மிருதங்கக்காரரைப் பார்த்தார். அவர் ஸ்டெல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செலின், சபா செயலாளர், நான், அரங்கில் இருந்த எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். வில் இறங்கியது. தயக்கமில்லாமல், யாருக்கும் பின்னால் இல்லாமல், முதல் வரி வந்தது. அடுத்த வரி அதைத் தாண்டி ஓடியது. மிருதங்கக்காரர் அதைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

வைரத்தோட்டு அம்மாள் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தார். எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தது, மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன். தேடிக்கொண்டே அவர் காதருகில் குனிந்து பதில் சொன்னேன்.

"பாட்டு யாரும் இல்லீங்க. நடுவுல இருக்கிறாங்களே, அவங்க போட்டது, அவங்க வாசிக்கிறது. அம்பத்தூர் ஸ்டெல்லா. எங்க சம்பந்தி."